மூக்கும் முழியும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இது நான்காவது கடிதம். முதல் மூன்றும் திரும்பி வரவில்லை என்பதால் உன் கைக்குக் கிடைத்துவிட்டன என்று நினைத்துக்கொள்கிறேன். கிழித்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, உன் கையால்தானே கிழித்திருப்பாய்.

போனை நீ எடுப்பதில்லை. போன வாரம் அத்தான் எடுத்தார். "அவளுக்கு உதடு சரியா மூடல. பேசினா உனக்குப் புரியாது. புரியற மாதிரி பேச வந்தாலும் உன்கிட்ட பேசமாட்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உன் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷர். அதனால்தான் கடிதமாக எழுதித் தள்ளுகிறேன்.

அழகு நிலையத்தில் நான் வைத்திருந்த ஊசி போடும் அறையை மூடிவிட்டேன். சாய்வு நாற்காலி, வட்ட விளக்கு எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சுவரில் 'முன்பு, பின்பு' என்று மாட்டிய படங்களையும் இறக்கினேன். ஒரு சட்டம் மட்டும் காலியாகத் தொங்கியது. அது உன் படத்துக்காக வாங்கியது. இப்போது ஒரு சலவைக் கடையில் இருக்கிறேன். துணிக்கு எண் ஒட்டுவது என் வேலை. யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை, காலரைப் பார்த்தால் போதும்.

உன் முகம் கண்ணை மூடினாலும் வருகிறது அக்கா. நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். "எனக்கெதுக்குடி இதெல்லாம், இந்த வயசுல" என்றாய். நான்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஃபில்லர் என்றால் வெறும் ஜெல், பத்து நிமிஷ வேலை, முகம் நேராகிப் பளிச்சென்று ஆகிவிடும், எனக்கும் சுவரில் மாட்ட ஒரு படம் கிடைக்கும் என்றேன். உன் முகத்தில் விளையாடிவிட்டேன். இப்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டே வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்
வாலு


பிப்ரவரி 2

வாலு,

திட்டத்தான் எழுதுகிறேன்.

நான்கு கடிதத்திலும் சேர்த்து முப்பத்தொரு இடத்தில் 'முகம்' என்று எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், வீட்டில் எனக்கு வேறு என்ன வேலை. ஓரிடத்தில்கூட 'மூக்கு' இல்லை. என் கன்னம் இருந்த இடத்தில் இருக்கிறது, தாடையும் காதும் இருக்கின்றன. போனது மூக்கு. அதை எழுத உனக்குக் கை வரவில்லை.

இங்கேயும் இதே கூத்துதான். பக்கத்து வீட்டுக்காரர் நம் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார் என்று சொல்லவந்த உன் அத்தான், பாதியில் விழுங்கி, "தலையை நுழைக்கிறார்" என்றார். நான் வேலை செய்யும் கடையில் இத்தனை காலமும் மூக்குக் கண்ணாடி என்று சொன்னவர்களெல்லாம் திடீரென்று வெறும் கண்ணாடி என்கிறார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருகிறது, ஆனால் அதையும் சொல்ல முடிவதில்லை. நம் பாஷையிலிருந்து மூக்கை எடுத்துவிட்டால் பேசுவதற்குப் பாதி கூட மிஞ்சாது போலிருக்கிறது.

கேட்டுக்கொள். நடுவிலிருந்து நுனி வரைக்கும் தோல் கறுத்து உதிர்ந்தது. இடது பக்கத்து மடல் முழுசாக இல்லை. மேலுதட்டில் தழும்பு இழுத்துப் பிடிப்பதால் 'ப'வும் 'ம'வும் வருவதில்லை. உதடு இரண்டும் சேர்ந்தால்தானே வரும். நீ மூக்கு என்று எழுத மாட்டேன் என்கிறாய், எனக்கோ சொல்லவே வரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் ஒரு சாண் தூரத்தில் ஊரார் மூக்கைப் பார்த்து பிரேம் வளைத்தவள் நான். இப்போது கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி நல்லவர்தான், போகச் சொல்லவில்லை. முன்னால் வரச் சொல்லவும் இல்லை. கதவில் யார் தலையாவது தெரிந்தால் மாஸ்க்கை ஏற்றிக்கொள்கிறேன். அது நழுவி நழுவி விழுகிறது. மாஸ்க் நிற்பதற்கும் மூக்கு வேண்டியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டு அறுவை செய்யும் டாக்டரம்மா ஒருவர் கிடைத்திருக்கிறார். நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்யப்போகிறார், காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து உள்ளே முட்டுக்கொடுப்பாராம். மூன்று அறுவை. எப்படிப்பட்ட மூக்கு வேண்டும் என்று முன்கூட்டியே தெரியவேண்டும், பழைய படம் கொண்டுவா என்றார். இருப்பதையெல்லாம் கொண்டுபோனேன். எல்லாவற்றிலும் கண்ணாடி போட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உன்னை இடுப்பில் வைத்திருக்கிறேன், உன் தலை என் மூக்கை மறைக்கிறது. அவர் அலுத்துப்போய், ரத்த சொந்தத்தில் இதே மூக்கு யாருக்காவது உண்டா, அச்சு எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். அப்பா இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அவருக்குப் பிறகு அந்த மூக்கு உன்னிடம்தான் இருக்கிறது.

எனக்கு உன் மூக்கின் அச்சு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டது யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பொருட்காட்சியில் ஒரு ஸ்டால், ஆள் தெரியாது என்று சொன்னேன். உன் அத்தானுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவர் ஆத்திரம் ஊசியின்மேல் இல்லை, ஐஸின்மேல். அன்றைக்கு மத்தியானம் வலி பொறுக்காமல், வெளுத்துப்போன மூக்கைப் படமெடுத்து உனக்கு அனுப்பினேன். "வீக்கம்தான்க்கா, ஐஸ் வை, நாளைக்கு வடிஞ்சிடும்" என்றாய். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது, நேற்றே வந்திருந்தால் கரைக்கும் ஊசி போட்டு மீட்டிருக்கலாம் என்றார்கள். ஐஸ் வைத்தது இன்னும் கெடுதல் என்றார்கள். உன் அத்தானிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தவளுக்கு என்ன தெரியும், தெரிந்திருந்தால் என்னை அப்படி விட்டிருப்பாளா என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் உனக்கு இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது.

அச்சு உடையாமல் பொதிந்து அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 24

என் அக்காவுக்கு,

மூக்கு, மூக்கு, மூக்கு. எழுதிவிட்டேன். போதுமா?

உன் கடிதத்தைச் சலவைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். ஒருவருடைய கோட்டில் வேறொருவர் எண்ணை ஒட்டிவிட்டேன். திட்டு வாங்கினேன். சந்தோஷமாகவே வாங்கினேன்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அச்சு எடுக்க என்னிடம் அந்த மூக்கு இல்லை. எனக்கு மூக்குத் தண்டில் இருக்கும் அந்த மேடு சின்ன வயதிலிருந்தே பிடிக்காது என்று உனக்குத் தெரியும். வகுப்பில் ஒருவருக்கொருவர் போட்டுப் பழகச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவள் என் மேட்டுக்கு மேலேயும் கீழேயும் ஜெல் வைத்து நேராக்கிவிட்டாள். நீ கேட்டபோது மேக்கப் என்று சொன்னேனே, அது பொய்.

அதனால் உன் கடிதம் வந்த மறுநாளே ஒரு நிஜமான டாக்டரிடம் போய்க் கரைத்துவிடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டார். அந்த மூக்கு வேறொருவருக்குத் தேவைப்படுகிறது என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போட்டார். நெருப்பாக எரிந்தது. கரைக்கும் மருந்து வைத்திருக்கும் குப்பி எவ்வளவு சின்னது தெரியுமா அக்கா, கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் வீங்கிக் கிடந்து மூன்றாம் நாள் எழுந்து பார்த்தால், நிலைக்கண்ணாடியில் அப்பா. சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். பல் கட்டும் ஒருவரிடம் போய் அச்சு எடுத்தேன். வாயில் உறிஞ்சுகுழாய் கொடுத்து மூச்சுவிடச் சொல்லிவிட்டு, முகம் முழுக்க ஜில்லென்று மாவைக் கொட்டினார். அசையக்கூடாது என்றார். நான் சும்மா இருந்து நீ பார்த்திருக்கிறாயா? ஏழு நிமிஷம் இருந்தேன். பிளாஸ்டரில் இரண்டு பிரதி செய்து, இரண்டையும் என் கம்பளிச் சட்டைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

கூடவே என் கண்ணாடியும் இருக்கும். மேடு திரும்பி வந்ததிலிருந்து அது நிற்கமாட்டேன் என்கிறது, குனிந்தால் துணிக்கூடையில் விழுகிறது. என் கண்ணாடியை உன்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. உனக்கு முடிகிறபோது சரிசெய்து வை. அவசரமில்லை, பழையது ஒன்று இருக்கிறது.

நீ சரிசெய்து வைத்தால் நான் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. உனக்குக் கட்டு மாற்றிவிட, சோறு ஊட்டிவிட நான் வரலாமா? அத்தான் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உன்
வாலு


ஏப்ரல் 2

அன்பு வாலு,

யானை எழுதுகிறேன்.

விளையாட்டில்லை. மார்ச் இருபத்தைந்தாம் தேதி முதல் அறுவை முடிந்தது. நெற்றியிலிருந்து தோலை ஒரு பட்டையாக இறக்கி, புருவத்துப் பக்கம் அறுக்காமல் விட்டு, திருப்பி மூக்கில் தைத்திருக்கிறார்கள். நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு தும்பிக்கை தொங்குகிறது. புது மூக்குக்கு இன்னும் சொந்த ரத்தம் கிடையாதாம், நெற்றியிலிருந்து அந்தத் தும்பிக்கை வழியாகத்தான் போகிறது. ஏப்ரல் இருபதாம் தேதி அதை அறுப்பார்கள். அதற்குப் பிறகு மூக்கு தன் காலில் நிற்கவேண்டும். மூக்குக்கு ஏது கால் என்று நீ கேட்பாய்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று கேள். நேற்று மூக்கில் ஈ உட்கார்ந்தது. எனக்கு நெற்றியில் ஊர்ந்தது. நெற்றியை விரட்டு விரட்டென்று விரட்டுகிறேன், ஈ அசையாமல் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. நரம்புக்கு இன்னும் வீடு மாறியது தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், தையல் பிரியுமாம். உன் அத்தான் அறையைவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நவம்பருக்குப் பிறகு அவர் சிரித்து இப்போதுதான் கேட்டேன்.

உன் பிளாஸ்டர் மூக்கை டாக்டரம்மா அறுவை அறைக்குள்ளேயே கொண்டுபோனார். அதன்மேல் மெல்லிய தகடு வைத்து அமுக்கி, விரித்து, அந்த அளவில்தான் நெற்றியில் கோடு போட்டாராம். அசல் குடும்ப மூக்கு என்று மெச்சினார். இன்னொரு பிரதி என் மேஜைமேல் இருக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் மூக்கில் விரல் வைக்கிறார்கள், பிளாஸ்டர் மூக்கில்.

மேக்கப் என்றாயே, போன வருஷமே எனக்குத் தெரியும்டி. உன் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைக்கூடப் பார்க்கத் தெரியாமலா நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். சொன்னால் உன் மூக்குடைபடும் என்று விட்டுவிட்டேன். அதற்காகக் கரைத்துவிட்டு அப்பாவைக் கூட்டிவந்தாயே, அந்தப் பத்தியை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

நீ பிறந்தபோது எனக்குப் பதினோரு வயது. பார்க்க வந்தவர்களெல்லாம் "மூக்கும் முழியுமா இருக்கா" என்றார்கள். எனக்கு அர்த்தம் தெரியாது. எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துப் பட்டியல் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "கையும் காலும்கூட இருக்கு" என்று உன் துணியை விலக்கிக் காட்டினேன். அம்மா போன பிறகு உன்னைத் தூங்கவைக்கும்போது அந்த மூக்கைத்தான் தடவிக்கொடுப்பேன். இப்போது என் மூக்கைத் தொடப் பயமாக இருக்கும்போது, பிளாஸ்டரைத் தடவிக்கொள்கிறேன்.

வா. இருபதாம் தேதி காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். அதற்கு முன்னால் வந்துவிடு. அத்தான் இல்லாத நேரமெல்லாம் பார்க்கவேண்டாம், அவரிடம் பேசிவிட்டேன். "அவளுக்குத் தெரியாம நடந்ததுங்க, பாவம்" என்றேன். இந்தமுறை அவர் எதிர்த்துப் பேசவில்லை.

உன் கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. தும்பிக்கையை அறுத்து முடியட்டும், செய்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

இருபதாம் தேதி விடிகாலை அங்கே வந்துசேர டிக்கெட் எடுத்துவிட்டேன். அதை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாலு நாளாக உன் கடிதத்தைப் படிக்கிறேன். 'பாவம்' என்று நீ எழுதிய இடத்தைத் தாண்டமுடியவில்லை.

எனக்குத் தெரியும் அக்கா. அன்றைக்கே தெரியும்.

உன் படம் இரண்டு மணி ஏழு நிமிஷத்துக்கு வந்தது. மூக்கு நுனி வெள்ளையாகவும் சுற்றிலும் ஊதா நிறத்தில் வலை வலையாகவும் இருந்தது. வகுப்பில் இரண்டாம் நாள் அதே மாதிரி ஒரு படத்தைத் திரையில் போட்டார்கள். இதைப் பார்த்தால் மணி பார்க்காதே, நிமிஷம் பார், உடனே கரைக்கும் ஊசி போடு, இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றார்கள். அந்தக் குப்பி இல்லாமல் யாருக்கும் ஊசி போடாதே என்றும் சொன்னார்கள். நான் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று வாங்கவே இல்லை.

'உடனே ஆஸ்பத்திரிக்குப் போ' என்று முதலில் அடித்தேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். நீ போனால் யார் போட்டது என்று கேட்பார்கள். எனக்கு முடி வெட்டத்தான் அனுமதி உண்டு, ஊசிக்கு இல்லை. அடுத்த வாரம் அறையைத் திறக்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். அது கெட்டுப்போகும் என்றுதான் நினைத்தேன். நாளைக்குத் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஐஸ். சூடாக ஒற்றடம் கொடுக்கவேண்டும், ஐஸ் வைக்கவே கூடாது என்று வகுப்பில் எழுதிக்கொண்டேன், அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஐஸ் வைத்தால் வலி மரத்துப்போகும், வலி மரத்துப்போனால் நீ ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாய். அதற்காகத்தான் சொன்னேன். இதை வேறு எப்படியும் எழுத எனக்குத் தெரியவில்லை.

நேற்று சுகாதார அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன்னை வந்து கேட்பார்கள். பொருட்காட்சி என்று சொல்லாதே. எனக்காக இன்னொரு பொய் சொல்லாதே.

தெரியாமல் செய்தவளைத்தான் நீ வரச்சொன்னாய். நான் அவள் இல்லை. இதைப் படித்த பிறகும் வா என்று போனில் ஒரு வரி எழுதினால் ஓடி வருவேன். எழுதாவிட்டால் டிக்கெட் இங்கேயே கிடக்கும்.

வாலு


ஆகஸ்ட் 17

தங்கைக்கு,

உன் கடிதம் ஏப்ரல் பதினாறாம் தேதி வந்தது. பதில் எழுத நாலு மாதம் ஆகியிருக்கிறது.

இருபதாம் தேதி காலையில், நீ வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தும்பிக்கையை அறுத்தார்கள். ஜூலையில் கடைசி அறுவையும் ஆயிற்று. மூக்கு பிழைத்துக்கொண்டது. கிட்டப் பார்த்தால் தையல் கோடு தெரியும், ஒரு கை தள்ளி நின்றால் தெரியாது. 'ப'வும் 'ம'வும் வந்துவிட்டன. உன் அத்தானை வாய்நிறையப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், மறுபடி சொல்லு என்றார்.

அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என் தங்கைதான் என்று சொன்னேன். டாக்டரம்மாவிடமும் சொன்னேன், அந்த அச்சும் அவளுடையது, ஊசியும் அவளுடையது என்று. அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

ஊசியை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். கை தவறும், எனக்கும் தவறியிருக்கிறது. நீ கெஞ்சினாய், நான் உட்கார்ந்தேன், அதில் எனக்கும் பங்கு உண்டு. ஐஸைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதை வைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நாலு தடவை தட்டை நிரப்பினேன். விரலெல்லாம் விறைத்துப்போயிற்று. உன் அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார், நான் கேட்கவில்லை. "அவ சொல்லியிருக்கா, அவளுக்குத் தெரியும்" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன்.

ஒரு மில்லிமீட்டர் மாறினால் கண்டுபிடிக்கிறவள், உனக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பார்க்க மனம் வரவில்லை. உன் கடிதத்தை உன் அத்தானிடம் கொடுக்கவில்லை, சொல்ல மட்டும் செய்தேன். அவர் அதற்குப் பிறகு உன்னைத் திட்டுவதையே நிறுத்திவிட்டார். அவர் திட்டிக்கொண்டிருந்தவரைக்கும் நான் உன் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் உன் பேச்சே இல்லை, அதற்குத்தான் எனக்கு அழுகை வருகிறது.

நீ உண்மையைச் சொன்னாய். சொல்லாமல் வந்திருந்தால் நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. அது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் மனசு கேட்கவில்லை.

போன வாரத்திலிருந்து கடையில் முன்னால் நிற்கிறேன். முதலில் வந்தவர் என் மூக்கையே பார்த்தார். நானும் அவர் மூக்கையே பார்த்தேன், எனக்கு அது தொழில். பிரேம் நன்றாக அமைந்துவிட்டது.

உன் கண்ணாடி இவ்வளவு நாள் என் மேஜை டிராயரில் கிடந்தது. பிளாஸ்டர் மூக்கில் வைத்துச் சரிசெய்யப் பார்த்தேன். அது வழுக்குகிறது, தோல் மாதிரி பிடிப்பதில்லை. கடைசியில் நானே போட்டுக்கொண்டேன். இரண்டும் ஒரே மூக்குதானே இப்போது. மூக்கில் உட்காரும் இடது நோஸ் பேடை அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன், வலதைக் கொஞ்சம் இறக்கினேன். குனிந்து பார்த்தேன், தலையை ஆட்டிப் பார்த்தேன், நழுவவில்லை. உன் பவர் எனக்கு ஒத்துவராது, எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. அப்படியே நிலைக்கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே நீ நின்றுகொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் கழற்றாமல் நின்றேன்.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உனக்குச் சரியாக உட்காரும். பிறகு எப்போதாவது தளர்ந்தால் அங்கேயே ஏதாவது ஒரு கடையில் காட்டிச் சரிசெய்துகொள். இங்கே கொண்டுவர வேண்டாம்.

அக்கா